மருந்து படாத மாடி

“அண்ணி, அந்தப் பொடிய இன்னும் அண்ணனுக்குக் குடுத்துகினா கீற? உடனே நிறுத்திடு!”

கோவளத்திலிருந்து போனில் பேசிய நாத்தனார் வச்சலாவின் குரல் நடுங்கியது. அடுப்படியில் மோர் கடைந்துகொண்டிருந்த பரிமளாவின் கை அப்படியே நின்றது.

“இன்னாடி ஆச்சு?”

“எங்க வூட்டுக்காரருக்கு மூஞ்செல்லாம் வீங்கிக்கிச்சு. ஒண்ணுக்கே சரியா போவல. கிட்னி ரெண்டும் கெட்டுப்போச்சாம் அண்ணி. இன்னா சாப்ட்டாருன்னு டாக்டர் கேட்டாரு, பொடிய எடுத்துகினு போய்க் காட்டினேன். இது மூலிகையே இல்ல, வெஷம்னுட்டாரு.” சொல்லிக்கொண்டே வச்சலா அழுதாள். “அண்ணன இட்டுகினு இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ அண்ணி.”

குடியை மறக்கவைக்கும் பொடி அது. ‘முழுக்க முழுக்க மூலிகை, குடிப்பவருக்கே தெரியாமல் கொடுக்கலாம்’ என்று சொல்லித்தான் ஒருவன் விற்றான். வச்சலா தன் புருஷன் துரைக்கு ஒன்று, அண்ணன் நீலமேகத்துக்கு ஒன்று என்று இரண்டு டப்பா வாங்கினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போகும் நீலமேகத்திடம், பரிமளா அதைத் தினமும் மோரில் கலந்து கொடுத்தாள். நேற்றோடு நாற்பது நாள்!

அதிசயம்போல அதே வாரத்தில் நீலமேகம் குடியை விட்டான். ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான். கோவளத்திலிருந்து மீன்பெட்டிகளைக் கொண்டுவந்து மண்ணை நிரப்பி, ஊரப்பாக்கத்து வாடகை வீட்டு மொட்டைமாடியில் புதினா, வெந்தயம், இஞ்சி, ஓமவல்லி என்று வளர்க்க ஆரம்பித்தான். பொடிக்காரனைப் பரிமளா நினைத்துக் கும்பிடாத நாளில்லை. ‘மருந்து வைக்கும்போது குடியைப் பற்றி வாயே திறக்கக்கூடாது’ என்று அவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், புருஷனிடம் மூச்சுவிடவில்லை.

இப்போது மோரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு மாடிக்கு ஓடினாள். ஐயோ, கட்டினவனுக்குத் தன் கையாலேயே விஷம் வைத்துவிட்டாளே!

நீலமேகம் குத்துக்காலிட்டு இஞ்சிப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டியா? இங்க பாரு, எப்டி முளை வுட்டுகீது! கடையில விக்கிறதெல்லாம் மருந்தடிச்சது. நம்ம மாடில ஒரு சொட்டு மருந்து படல, தெரியுமா?”

அவள் அவன் தோளைப் பிடித்தாள்.

“இப்டி திரும்புய்யா. மூஞ்சக் காட்டு.”

“இன்னாத்துக்கு?”

“கண்ணு மஞ்சளா கீதா? கால் வீங்குதா? ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதா?”

“இன்னாமே, மொட்டைமாடில நிக்கவெச்சு கேக்கற கேள்வியா இது? பக்கத்து வூட்டுக்காரன் காதுல வுழப்போவுது.” அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவன் பாதத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். வீங்கியிருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பாழாய்ப்போன பயத்தில் ஒன்றும் புரியவில்லை. அவன் எழுந்தபோது லேசாகத் தள்ளாடினான். அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டாள்.

“கெளம்புய்யா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்! உன்ன நானே கொன்னுட்டேன்யா!”

“இன்னா ஒளற்ற? கால் மரத்துப்போச்சு, அவ்ளோதான்.”

“இல்லய்யா, உனக்குத் தெரியாது…”

பொடி, மோர், துரையின் கிட்னி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நீலமேகத்தின் சிரிப்பு நின்றது. முகம் வெளிறி, நெற்றி வியர்த்தது.

“துரை உசுருக்கு ஒண்ணுமில்லயே?”

“இன்னாவோ ஏத்திகினு கீறாங்களாம். உனக்கும் அப்டி ஆவறதுக்குள்ள வாய்யா!”

“நெசமாவே மோர்லதான் கலந்தியா? தெனமுமா?”

“ஒரு நாள் வுடலய்யா.”

அவன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். அடிக்கப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவன் அடிக்கவில்லை. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். அங்கே ஒரு பெயின்ட் வாளியில், மதுராந்தகத்திலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பிய கறிவேப்பிலைச் செடி, இலையெல்லாம் கொட்டிக் கருகி நின்றது.

“உங்கம்மா குடுத்த செடி செத்துப்போச்சே, நீ திட்டுவியோன்னு பயந்துகினு இங்க ஒளிச்சு வெச்சேன். இன்னா தப்பு பண்ணேன்னு இவ்ளோ நாளா மண்டையப் பிச்சிகினு இருந்தேன். எனக்கு மோரே எறங்காது பரிமளா. வேணாம்னா நீ மூஞ்சத் தூக்குவ. புளிச்ச மோர் ஊத்துனா கறிவேப்பிலை நல்லா தழைக்கும்னு சொல்வாங்களே, நாப்பது நாளும் இதுக்குத்தான் ஊத்தினேன். ஒரு மடக்குகூட நான் குடிக்கல.”

பரிமளா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம் போனது. அப்புறம்தான் அவளுக்கு அது உறைத்தது.

“அப்ப… குடிய எப்டிய்யா வுட்ட?”

“நானாத்தான் வுட்டேன். கை நடுங்கும்போதெல்லாம் மேல வந்து மண்ணக் கிளறிகினு கெடந்தேன், நீ ஒரு வார்த்தையாவது கேப்பியான்னு நாப்பது நாளா பாத்துகினே கீறேன்.”