இரவல் டயர்

சாலைப் போக்குவரத்து அதிகாரி பிரேமகுமார் லாரிக்கடியில் குனிந்தபோது யோகேஸ்வரி கண்களை மூடி வேண்டத் தொடங்கினாள். சிம்பாங் ரெங்கத்தில் அந்த லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி அவள்.

"பயப்படாதம்மா," என்று கிசுகிசுத்தார் முதலாளி ஹேமநாதன். "நேத்தே இரவல் டயர் மாட்டியாச்சு. அவரால ஒன்னும் கண்டுபிடிக்க முடியாது லா."

அவள் கும்பிடாத சாமியில்லை. அதிகாரி பெர்மிட்டைப் பார்த்தார், சோதனைச் சான்றிதழைப் பார்த்தார், கறுகறுவென்றிருந்த டயர்களைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஓகே. யாரோ பொய்ப் புகார் கொடுத்திருக்காங்க," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் காருக்கு நடந்தார்.

ஹேமநாதன் பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "பழைய டயரயே மாட்டுங்க! செல்லப்பன் சாயங்காலமே பினாங்குக்குக் கிளம்பணும்."

யோகேஸ்வரி வாசலுக்கு ஓடி, கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"சார், கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பி வாங்க. இந்த டயரக் கழட்டிட்டுத் தேஞ்ச டயர மாட்டுறாங்க."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இந்தக் கம்பெனி ஆளுதானே?"

"புகார் கொடுத்ததே நான்தான் சார். அந்த லாரிய ஓட்டுற செல்லப்பன் என் வீட்டுக்காரரு."