மூன்று உறைகள்

"மூணுல எது உசத்தி, சொல்லுங்கோ" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் அனந்தராமன்.

நல்லகாமனுக்கு வியர்த்தது. ஆறாவது ஞாயிற்றுக்கிழமை. ஆறாவது முறையாக அதே கேள்வி.

"எனக்கு மூணும் ஒண்ணாத்தேன் கேக்குது சார்."

"இருபது வருஷம் டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நின்ன காது. மரத்துப் போயிருக்கு!" என்று சத்தமாகச் சிரித்தார் அனந்தராமன்.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நல்லகாமன், திருநகருக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பக்கத்து வீட்டு அனந்தராமன் யுனிவர்சிடியில் பேராசிரியர். எழுபத்தி நாலில் ஜெர்மனியிலிருந்து திரும்பும்போது மூன்று இசைத்தட்டுகளைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தவர்.

மூன்றிலும் ஒரே பியானோ இசைதான். வாசித்தவர்கள் வேறு வேறு. ஒரு போலந்துக்காரர், ஒரு ரஷ்யர், ஒரு ஜெர்மன் அம்மாள்.

ஞாயிறு நாலு மணிக்கு அவர் கூடத்தில் ஈஸிசேரில் சாய்ந்துவிடுவார். உள்ளறையில், திரைக்குப் பின்னால், அவர் மனைவி சாவித்ரி ஒவ்வொன்றாகப் போடுவாள். எது முதலில், எது அப்புறம் என்று சொல்ல மாட்டாள். ஒவ்வொன்றும் முடிந்ததும், வாசித்தது யாரென்று அனந்தராமன் சொல்ல வேண்டும். அவள் அந்தத் தட்டின் உறையைத் திரைக்கு வெளியே நீட்டிக் காட்டுவாள்.

மனிதர் ஒருமுறைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

"போலந்துக்காரர் வாசிப்பு வைகையில முதல் தண்ணி வர்றாப்ல. மணலை நனைச்சு நனைச்சு, யோசிச்சு யோசிச்சு வரும். ரஷ்யர் ரெண்டு கரையும் முட்டிண்டு வருவார். அந்த அம்மா இருக்காளே, தண்ணி வத்தினப்புறம் ஊத்து கசியறாப்ல..."

நல்லகாமனுக்கு அந்த இசை பிடிக்காமல் இல்லை. கேட்கக் கேட்க, சோழவந்தானில் அவர் அப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்த மாதிரி உடம்பெல்லாம் குளிரும். பச்சை நிழலில் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கும். நடுவில் எங்கோ ஒரு 'டக்' கேட்கும். வாசிப்பவர் மோதிரம் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் மூன்று பேர் எங்கே? அவருக்கு ஒரே ஆள்தான் கேட்டது.

"தேன்மிட்டாய்க்காரன் மணி மூணு தெரு தள்ளி அடிச்சாலும் கேக்குது, இது மட்டும் கேக்கலையாக்கும்?" என்றாள் அவர் மனைவி சின்னத்தாய். போன வாரம் காது டாக்டரிடம்கூடப் போய்வந்தார். ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அப்படியென்றால் கோளாறு மண்டையில்தான் என்று ஆகிவிட்டது அவருக்கு.

"இருங்கோ, இன்னொரு தரம் போடச் சொல்றேன். சாவித்ரி!"

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வாரேன் சார்" என்று, முதல் தட்டு முடியப்போகும் சமயத்தில் எழுந்தார் நல்லகாமன்.

உள்ளறையைத் தாண்டும்போது தட்டு முடிந்தது. "ரஷ்யர்!" என்றார் கூடத்தில் அனந்தராமன். சாவித்ரி ஓர் உறையைத் திரைக்கு வெளியே நீட்டினாள். பிறகு தட்டை எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

அதே தட்டைத் திரும்பப் போட்டாள்.

மற்ற உறைகள் இரண்டும் மேஜையில் காலியாகக் கிடந்தன.

நிமிர்ந்தவள் நல்லகாமனைப் பார்த்துவிட்டாள்.

"வருஷப் பிறப்புக்கு வீடு ஒழிக்கறச்சே, தூசியா இருக்கேன்னு ரெண்டு தட்டை அலம்பினேன் சார்" என்று கிசுகிசுத்தாள். "மொட்டை மாடியில வடாம் காயப்போட்டிருந்த வேஷ்டி ஓரத்துல வெச்சேன். பங்குனி வெயில். அப்பளமா நெளிஞ்சுடுத்து. மெஷின்ல இருந்த இது ஒண்ணுதான் தப்பிச்சது. அவர் உசிரே அதுலதான் இருக்கு. சொல்லிடாதேங்கோ, கையெடுத்துக் கும்பிடறேன்."

தண்ணீர் குடிக்காமலே கூடத்துக்குத் திரும்பினார் நல்லகாமன். உள்ளே கொதித்தது. ஒரே தட்டை மூன்று முறை கேட்டுவிட்டு வைகையாம், ஊற்றாம்! இவர் காதை நம்பி என் காதை டாக்டரிடம் காட்டினேனே!

"இது அந்த அம்மா! அந்தக் கசிவு கேட்டதோ?" என்றார் அனந்தராமன்.

திரைக்கு வெளியே ஓர் உறை நீண்டது. அதைப் பிடித்திருந்தது, சற்றுமுன் கும்பிட்ட கை. அந்தக் கைக்காக நல்லகாமன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாவதும் முடிந்தது. "நான் போறேன் சார்" என்று சட்டென்று எழுந்தார்.

அனந்தராமன் கூடவே வாசல் கேட்டுவரை வந்தார். நாகமலைப் பக்கமிருந்து காற்று வீச ஆரம்பித்திருந்தது.

"உள்ளே பார்த்துட்டேளா?" என்றார் மெதுவாக.

நல்லகாமன் திரும்பினார்.

"உங்க காதுல ஒரு கோளாறும் இல்லை சார். நடுவுல ஒரு 'டக்' வருதே, கீறல். மூணு பேருமா ஒரே இடத்துல தும்முவா?"

"அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"சித்திரையிலேயே தெரியும். காணாமப் போன ரெண்டு பேரும் வாசிச்சது எனக்கு மனப்பாடம். நினைச்சுண்டா கேட்கும்."

அனந்தராமன் நல்லகாமனின் தோளைத் தொட்டார்.

"காது மரத்துப் போச்சுன்னு கேலி பண்ணினதுக்கு மன்னிக்கணும். ஆனா அடுத்த வாரம் வந்தா, 'மூணும் ஒண்ணு'ன்னு மட்டும் சத்தமாச் சொல்லாதேங்கோ. திரைக்கு அந்தப் பக்கம் அவ நடுங்கிப் போயிடறா."