வோங்க்கி நாற்காலி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, யார்க்‌ஷயரின் ஓல்ட்கில் ஊரில், ஜனீனின் கார் ஒர்க்‌ஷாப்புக்குள் ஆங்கில மொழி நேரில் எழுந்தருளியது. பெயர் திருவாளர் ஆஷ்வொர்த். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ‘பழுதைக் குறிக்கும் நூறு சொற்கள்’ என்ற நூலை எழுதியவர். அச்சிட்டதும் அவரே, வாங்கியதும் பெரும்பாலும் அவரே.

“வெளியில நிக்குது பார், என் கார். நான் வேலையில சேர்ந்த அறுபத்தெட்டுல வாங்கினது. பன்னெண்டு வருஷம் கொட்டகையில இருந்துச்சு. நாளைக்கு ஊர்த் திருவிழா ஊர்வலத்துக்கு அதுலதான் தலைமை தாங்கிப் போறேன். எஞ்சின் கடிகாரம் மாதிரி ஓடுது. ஆனா டெஸ்ட் சர்ட்டிபிகேட் இல்லாம நான் ரோட்டுல ஓட்டமாட்டேன். டிராக்டர் வச்சு இழுத்துட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள்ள முடியணும்.”

ஐம்பது வயது ஜனீன் கையை அழுக்குத் துணியில் துடைத்துக்கொண்டாள். “காத்திருங்க, கண்ணு.”

அந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான். இவருக்கு மட்டும் கண் சிவந்தது. “நான் யாருக்கும் கண்ணு இல்ல. சார்.”

“தெரியும் சார். நான் ஜனீன் க்ளெக். எண்பத்தாறுல உங்க வகுப்பு. ஜன்னலோர நாற்காலி.”

சாருக்கு ஞாபகம் வரவில்லை. அடி வாங்கியவர்களுக்குத்தான் தேதி ஞாபகம் இருக்கும்.

அன்று பதினொரு வயது ஜனீன் சொன்னது இவ்வளவுதான்: “சார், என் நாற்காலி வோங்க்கியா இருக்கு.” ஆடுவது, கோணியது, ஒரு கால் குட்டையானது எதுவானாலும் அந்த ஊரில் பால்காரர் முதல் பாதிரியார் வரை சொல்வது அந்த ஒரு சொல்லைத்தான். சாருக்கு அது கொச்சை. சரியான சொல் வாயில் வரும்வரை நிற்கச் சொன்னார். நாள் முழுக்க நின்றாள்.

வருடக் கடைசியில் ரிப்போர்ட்டில் அவளுக்கே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுதினார்: ‘டிஃபெக்டிவ்’. அதாவது, தயாரிப்பிலேயே கோளாறு. பள்ளிக்கூடம் அதையே ஐந்து வருடம் அவளுக்குப் பெயராக வைத்துக்கொண்டது.

சார் உட்காரப் போனார்.

“ஐயோ, வேண்டாம் சார். இருக்கறது ஒரே நாற்காலி, அதுவும் வோங்க்கி.”

நின்றார். சுவரில் ஓர் அறிவிப்புத் தாள் சாய்ந்து தொங்கியது. அதை இரண்டு விரலால் நேராக்கிவிட்டு, தன் வேனுக்காகக் காத்திருந்த பிளம்பர் டெரக்கைப் பார்த்தார். “இதுக்கு ‘அஸ்க்யூ’ன்னு பேரு. என் புத்தகத்துல ஒன்பதாவது சொல்.”

“அப்படியா சார்? நாங்க ‘வோங்க்கி’ன்னு சொல்லிட்டு நேராக்கிடுவோம்” என்றார் டெரக்.

ஜனீன் ஒரு தாளை நீட்டினாள். “காருல உங்களுக்குத் தெரிஞ்ச கோளாறை எழுதிக் கொடுங்க சார்.”

கண்ணாடி துடைக்கும் வைப்பர் ஒன்று வளைந்திருந்தது. ‘இம்பேர்ட்’, அதாவது செயல் குன்றியது, என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். பத்து மணிக்குத் தாள் திரும்பி வந்தது. “சரியான சொல் இல்ல சார்.”

‘ஃபால்ட்டி’ என்று எழுதினார். பன்னிரண்டு மணிக்கு அதுவும் திரும்பியது. “ஃபால்ட்டின்னா எப்படி ஃபால்ட்டி? எனக்குப் புரியல சார். நான்தான் டிஃபெக்டிவ் ஆச்சே.”

அப்போது சாருக்கு ஞாபகம் வந்தது.

டெரக் இறைச்சி பஃப்ஸ் தின்று, ஆவி பறக்கும் டீயும் குடித்து, வேனை எடுத்துக்கொண்டு போய், வேறு ஏதோ கோளாறு என்று திரும்பியும் வந்துவிட்டார். சார் நின்றார். வெளியே போனால் முறை போய்விடும். ஆங்கிலேயன் உயிரை விடுவான், வரிசையை விடமாட்டான். கார் வந்த இடத்திலேயே நின்றது. அதன் மூக்கின்மேல் ஒரு பூனை காலையிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தது.

நான்கு மணிக்குச் சார் வெடித்தார். “நீ பழி வாங்குற! வேணும்னே ஃபெயில் பண்ணப் போற!”

“இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு காரைக்கூட நான் அநியாயமா ஃபெயில் பண்ணினதில்ல சார். நீங்கதான் ஆளையே பண்ணுவீங்க.”

ஐந்து மணிக்குக் கதவு இறங்கும். நாளைக்குக் கடை லீவு. ஊர்வலத்தின் முன்னால் மேயரின் மனைவியோ கோழிக்கடைக்காரனோ போகும் காட்சி சாரின் கண்முன் வந்தது. நான்கே முக்காலுக்கு வாய் திறந்தார்.

“அந்த வைப்பர்… வோங்க்கி.”

“கடைசி பெஞ்சுக்குக் கேக்கல சார்.”

“வோங்க்கி!”

ஒர்க்‌ஷாப்பே ஸ்பேனரைக் கீழே வைத்தது. டெரக் தொப்பியைக் கழற்றினார்.

“உங்க முழங்கால் சார்?”

“அதுவுந்தான்!”

ஜனீன் வெளியே வந்து, பூனையை இறக்கிவிட்டாள். வைப்பரை இரண்டு விரலால் நேராக்கினாள். சாவியை அவர் கையில் வைத்தாள். “எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஊர்வலத்துல நல்லா கையாட்டுங்க.”

“சர்ட்டிபிகேட்?”

“காலையில நேராக்கினீங்களே ஒரு தாள், அதைப் படிச்சீங்களா?”

சார் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அவர் தேடி முடிப்பதற்குள் ஜனீனே சொல்லிவிட்டாள்.

“நாற்பது வயசு தாண்டின காருக்கு டெஸ்டே தேவையில்ல சார்.”