மாமி இன்னும் போகவில்லை

கீழ்த்தட்டில் வரிசையாக நின்ற கோப்பைகளில் ஒன்று மட்டும் மறுபடியும் திரும்பியிருந்தது. சமையற்கட்டு வாசலிலேயே நௌஷீன் நின்றுவிட்டாள். விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்தபோது எல்லாக் கோப்பைகளின் பிடியையும் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தவள் அவள்தான்.

"மாமி..." என்றாள் மெதுவாக.

பதில் சொல்ல மாமி இல்லை. ஜொஹரா பீவி மௌத்தாகி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடித்தாயிற்று.

அவர் இருந்தவரை சிதம்பரத்தில் அந்தத் தெருவிலேயே அப்படி ஒரு வீடு கிடையாது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. மாமி திட்டவே மாட்டார். மருமகள் மடித்து வைத்த துணியை ஒரு பார்வை பார்ப்பார், பிரித்து மறுபடி மடிப்பார். நௌஷீனுக்கு அந்தப் பார்வையே போதும்.

இப்போது ஆள் இல்லை, பார்வை மட்டும் வீட்டில் இருந்தது. ஒருநாள் திரைச்சீலையின் கீழ்முனை கோணிக் கிடக்கும். மறுநாள் மாமியின் கட்டிலில் விரிப்பு ஒருபக்கம் இழுபட்டுத் தொங்கும். உயரத்தில் இருந்த தட்டுகளில் மட்டும் எதுவும் அசைந்ததில்லை. அங்கே அடுக்கியது மாமிக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குவைத்திலிருந்து பேசிய கணவன் நவ்ஷாத் சிரித்தான். "மௌத்தானவுங்க கோப்பையத் திருப்பவா வருவாங்க? நீயே மாத்தி வெச்சிட்டு மறந்திருப்ப."

"இல்ல மச்சான். நான் செய்யறது அவுங்களுக்குப் பத்தல. அதைத்தான் காட்டுறாங்க."

அதனால் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்தாள். தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. வேலைக்குப் போகும் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரத்தப் பரிசோதனை லேபிலும் அதே கதைதான். டியூபில் ஒட்டிய லேபிள் மயிரிழை சாய்ந்திருந்தாலும் பிரித்து ஒட்டுவாள். வெளியே நோயாளிகள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள்.

நேற்று லேப் நடத்தும் பிரிசில்லா மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உன் வேலைல குறையே இல்லம்மா. ஆனா முடிய மாட்டேங்குது. நாளைக்கும் லேட்டுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கூடத்தில் மாமனார் அப்துல் வதூது சட்டைக் கையோடு போராடிக்கொண்டிருந்தார். வலது தோள் இறுகிப்போய் மாதக்கணக்காகக் கையைத் தூக்க முடியவில்லை. நௌஷீன் போய் மாட்டிவிட்டாள்.

"சாப்புட்டியாம்மா?"

"அடுக்கிட்டுச் சாப்புடறேன் மாமா."

கோப்பையைத் திருப்பி வைத்தாள். சரியில்லை என்று தோன்றியது. எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினாள். கழுத்துக்குப் பின்னால் யாரோ நின்று பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவசரத்தில் ஒரு கோப்பை நழுவித் தரையில் விழுந்து, விளிம்பு உடைந்து உருண்டது.

நௌஷீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்து, உடைந்த விளிம்பு முன்னால் தெரியும்படி வரிசையின் நடுவில் வைத்தாள்.

"எனக்கு இவ்ளோதான் மாமி வரும்," என்றாள் வெறும் சமையற்கட்டைப் பார்த்து. "இதுக்கு மேல வராது. கோவம்னா பட்டுக்குங்க. நான் பஸ்ஸுக்குப் போவணும்."

ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் விழவில்லை, எதுவும் அசையவில்லை. இடியாப்பத்தைத் தட்டில் எடுத்து, தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். சூடாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

பின்னால் விசும்பல் கேட்டது.

திரும்பினாள். மாமனார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மாமியின் கோப்பையை உடைத்து அப்படியே வைத்தது அவர் மனதைப் புண்படுத்திவிட்டது என்று பதறி எழுந்தாள்.

"மன்னிச்சிடுங்க மாமா, இப்பவே எடுத்து அடுக்கிடறேன்."

"தொடாதம்மா! அப்படியே இருக்கட்டும். நீ உக்காந்து சாப்புடு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெனம் கலைச்சது நான்தாம்மா."

"நீங்களா? எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்து செத்துக்கிட்டிருந்தேனே மாமா! எதுக்கு?"

"நீ இவ்ளோ பயப்படுவேன்னு எனக்குத் தெரியலம்மா. அல்லா மன்னிக்கணும்." அவர் சுவரோரம் மெல்ல உட்கார்ந்தார். "வாக்கு குடுத்துட்டேன். நீ அடுக்க அடுக்க நான் கலைக்கணும், நீயே அலுத்துப்போயி 'போதும்'னு உக்கார்ற வரைக்கும் விடக் கூடாதுன்னு. இந்த வீட்டுல இன்னொரு பொம்பள ஆறிப்போன சோத்தத் தின்னுக்கிட்டே காலத்த முடிக்கக் கூடாதுன்னு, ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க."

"யாரு மாமா?"

"ஒன் மாமிதாம்மா."