அட்டைக்கு வந்த வண்டு

“கண்ணுன்னா இதுதாம்மா கண்ணு!” என்று இயக்குநர் அம்மா அந்தப் பெண்ணின் தோளைத் தட்டியபோது, வாசலில் நின்ற ஃபிளாஷ் அண்ணாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மேசையில் இருந்தது அருங்காட்சியகத்தின் வண்டுப் புத்தகத்துக்கான அட்டைப்படம். பொன்வண்டு ஒன்று செம்பும் ஊதாவுமாக ஜொலித்தது.

“நம்ம ஸ்டூடியோவுல எடுத்ததுதான் மேடம்,” என்று சொல்லிவிட்டு, அவள் படத்தோடு அச்சகத்துக்குக் கிளம்பினாள்.

ஃபிளாஷ் அண்ணா அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் புகைப்படக்காரர். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால்தான் அவருக்குப் படம். ஃபிளாஷ் எரியாமல் போன படங்களை ஒதுக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அடுத்த மாதம் ஓய்வு. ஒரே ஒரு தடவையாவது அட்டையில் தன் படம் வராதா என்று ஏங்கிக் கிடந்த மனுஷனுக்கு, நாலு மாசத்துக்கு முன்னால் சேர்ந்தவள் தட்டிக்கொண்டு போனால் பொறுக்குமா?

அவள் தலை மறைந்ததும் உள்ளே நுழைந்தார்.

“மேடம், அந்த வண்டை நூறு தடவை படம் எடுத்திருக்கேன். அசல் கரும்பச்சை. இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல சாயம் பூசியிருக்கு. விஷயம் தெரிஞ்சவங்க பார்த்தா நம்ம மானம் கப்பலேறிடும்.”

“அய்யய்யோ, நிஜமாவா?”

“என் சர்வீஸ் மேல சத்தியம்!”

இயக்குநர் அம்மா உடனே அச்சகத்துக்குப் போன் போட்டார். “அட்டையில வண்டு வேண்டாம். நம்ம கட்டடத்தோட படத்தையே போட்டு அடிச்சிடுங்க.”

அப்பாடா என்றிருந்தது அண்ணாவுக்கு. கேன்டீனுக்குப் போய் ஒன்றுக்கு இரண்டாக டீ குடித்தார்.

சாயங்காலம் அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அழுது கண் சிவந்திருந்தது.

“அண்ணா, அத்தனை அட்டையும் கட்டடத்தோட அச்சாயிடுச்சு! சாயம் பூசின படம்னு யாரோ மேடம்கிட்ட பத்த வச்சிருக்காங்க. சாயமும் இல்ல, மண்ணும் இல்ல. ஃபிளாஷ் எரியாம, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்ததால வந்த நிறம் அண்ணா அது!”

“வந்த நாலு மாசத்துல அட்டைக்கு ஆசைப்பட்டா இப்படித்தாம்மா ஆகும்,” என்றார், வராத அனுதாபத்தை வரவழைத்துக்கொண்டு.

அவள் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

“நானா? நீங்க ஒதுக்கிப் போட்ட படங்கள்ல கிடைச்சது அண்ணா அது. உள்பக்கத்துல உங்க பேரைத்தான் போட்டிருந்தேன், எடுத்தது நீங்கதானே!”