வீட்டுக்காரர் வரும் நேரம்

"எங்க வீட்டுக்காரரு டெய்லருங்க. ஊருக்கெல்லாம் புதுசு தைப்பாரு. தனக்குன்னா மட்டும், நைஞ்ச காலரைத் திருப்பி வச்சுத் தைச்சுப் போட்டுக்குவாரு" என்றாள் அவள், நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தவரிடம்.

"ஏன் தங்கச்சி அப்படி?"

"மூணு பொண்ணுங்களைப் படிக்க வைக்கணுமே! எனக்கு டைபாய்டு வந்தப்ப பதினோரு நாள் கடையைச் சாத்திட்டு, என் தலையை மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான மனுஷன்!"

அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அவரை உங்களுக்குத் தெரியுதா?"

"பார்த்ததே இல்லையேம்மா." சொன்னவர் சட்டென்று எழுந்தார். "நான் கிளம்பறேன் தங்கச்சி. அவரு இல்லாத நேரத்துல வேத்து ஆம்பளை உள்ள உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? அந்த மனுஷன் மனசு நோகக் கூடாது."

காலையிலிருந்து இது நாலாவது தடவை. வாசற்கதவு பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

அவள் அருகில் போய், அவர் சட்டையின் திருப்பித் தைத்த காலரை நீவிச் சரிசெய்தாள்.

"உக்காருங்க. எங்க போயிடப் போறாரு? இப்ப வந்துடுவாரு."