வளையாத கோடு

"மூணு மணி நேரம்! ஒரு ஏரியா பூரா மூணு மணி நேரம் கரண்ட் இல்லாம தவிச்சிருக்கு. யாரால? இந்த அம்மாவால!"

சங்கத் தலைவர் மேஜையில் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர் ஒரு குதி குதித்தது.

கரண்ட் கம்பெனிகளும் கேஸ் குழாய் கம்பெனிகளும் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. யார் ரோட்டைத் தோண்டினாலும் முதலில் அங்கே போன் பண்ணிக் கேட்க வேண்டும். பூமிக்கடியில் எது எங்கே போகிறது என்று வரைபடத்தைப் பார்த்து, "தோண்டலாம்" என்றோ "நில்லுங்க" என்றோ சொல்வதுதான் தலைவர் கைகாட்டிய அந்த அம்மாவின் வேலை.

"நில்லுங்க"தான் அதிகம். அதனாலேயே லைன்மேன்கள் அவளுக்கு 'நில்லக்கா' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

"கேபிள் பழுதான இடத்துல, படத்துப்படி கேஸ் குழாயே கிடையாது. அப்புறமும் மெஷின் வேணாம், கையால தோண்டுங்கன்னு சொல்லியிருக்காங்க," என்றார் கரண்ட் கம்பெனி மேனேஜர். "தோண்டினா உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? ஒத்தைச் செருப்பு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கு முகம் சுண்டிப் போனது.

"சார், சில படமெல்லாம் ரொம்பப் பழசு. சந்தேகமா இருந்துச்சு, அதான்..."

"என்னம்மா சந்தேகம்?" தலைவர் எழுந்தே விட்டார். அந்தக் காலத்தில் கேஸ் கம்பெனி இன்ஜினியராக இருந்தவர். "படம் பொய் சொல்லுமா? ஒவ்வொரு இன்ஜினியரும் வேகாத வெயில்ல நடந்து, அடி அடியா அளந்து வரைஞ்சது! அதைச் சந்தேகப்படறது அவங்க உழைப்பையே கேவலப்படுத்தற மாதிரி!"

அங்கேயே தீர்மானம் போட்டார்கள். படத்தில் குழாய் இல்லையென்றால் பதினைந்து நிமிஷத்துக்குள் 'தோண்டலாம்' சொல்லிவிட வேண்டும். மீறி நிறுத்தினால் அன்றைக்கே அவள் வேலை காலி. முதலில் கை தூக்கியவர் தலைவர்தான்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசல் வரை வந்தார். அவருக்கு வேலை போய் எட்டு மாசம்.

"மேல இருக்கறவங்க சொன்னதைச் செஞ்சுட்டு வா. ஊர் வம்பெல்லாம் உனக்கு எதுக்கு? இருக்கற ஒரு வேலையும் போச்சுன்னா நம்ம கதி என்னன்னு நினைச்சுப் பாரு."

அவள் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.

பத்து இருபதுக்குப் போன் அடித்தது. கரண்ட் கம்பெனி மேஸ்திரி.

"அக்கா, ஏழாவது குறுக்குத் தெரு. கேபிள் பழுது. வடக்கு ஓரமா, பச்சை கேட் வீட்டு வாசல்ல தோண்டணும். மெஷின் வந்து நிக்குது."

படத்தை எடுத்து விரித்தாள். கேஸ் குழாய் தெற்கு ஓரமாகப் போயிற்று. வடக்கில் ஒன்றுமே இல்லை. 'தோண்டலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது.

ஆனால் வாய் வரவில்லை.

அந்தக் கோடு அவள் கண்ணை உறுத்தியது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு இடத்தில்கூட வளையாமல் நேராக ஓடியது. நிஜத் தெருவில் குழாய் அப்படிப் போகுமா? நடுவில் ஒரு மரம் வராதா, ஒரு சாக்கடை வராதா? பதினோரு வருஷமாகப் படம் பார்க்கிறாள். இவ்வளவு அழகான கோட்டை அவள் பார்த்ததே இல்லை.

பத்து நிமிஷம் போயிற்று. பன்னிரண்டு.

"அக்கா, என்னக்கா? எங்க மேனேஜர் உயிரை எடுக்கறாரு!"

பதினாலு.

"நில்லுங்க. மெஷின் வேணாம். கையால தோண்டுங்க."

"ஐயோ அக்கா! உன் வேலைக்கே உலை வெச்சுக்கறியே!"

"அது என் பாடு. நீ மெஷினை ஆஃப் பண்ணு."

போனை வைத்தாள். இனி மற்றவர்கள் போட்டுக்கொடுத்து தலைவருக்குத் தெரிவானேன்? அவளே அவருக்குப் போன் போட்டாள்.

"சார், இன்னிக்கும் நிறுத்திட்டேன். படம் இருக்கற பீரோ சாவியை யார்கிட்ட ஒப்படைக்கணும்னு சொல்லுங்க."

"நேத்துதானேம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னேன்! அவ்வளவு திமிரா உனக்கு? எந்த இடம்?"

"ஏழாவது குறுக்குத் தெரு சார். வடக்கு ஓரம், பச்சை கேட் போட்ட வீட்டு வாசல்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"மெஷின்... மெஷினை வெச்சுட்டாங்களா?"

"இல்ல சார். அதைத்தான் நிறுத்தினேன்."

"வைக்க விடாதே! கையாலயும் பார்த்துப் பதமா தோண்டச் சொல்லு. அது என் வீடும்மா! என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. பச்சைக் குழந்தை உள்ள தூங்கிட்டிருக்கு!"

குரல் உடைந்து போயிருந்தது. அவளுக்கே பாவமாக இருந்தது.

"பதறாதீங்க சார்," என்றாள். குத்திக் காட்டவெல்லாம் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். "குழாய் தெற்கு ஓரமாத்தான் போகுதுன்னு படத்துல தெளிவா இருக்கு. இன்ஜினியர் அளந்து பார்த்துத்தானே சார் வரைஞ்சிருப்பாரு?"

"இல்லம்மா," என்றார் தலைவர். "அந்த இன்ஜினியர் நான்தான். அப்ப அங்க எனக்கு வீடு இல்ல, தெருப் பக்கமே போகலை. ஃபேனுக்கு அடியில உக்காந்து ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டேன்."